செல்லப் பிராணிக்குப் புற்றுநோயா? கடைசி நாட்களிலும் வலியில்லாமல் வைத்திருக்கலாம்!

'இனிமே பெருசா செய்றதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க.'

புற்றுநோய் முற்றிப்போன நாயையோ பூனையையோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பலரும் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள். இதில் முதல் வாக்கியம்தான் காதில் விழும். உடனே கண் கலங்கிவிடும். இரண்டாவது வாக்கியத்தை யாரும் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. 'நல்லா பாத்துக்கறது'ன்னா என்ன? என்ன கொடுக்கலாம்? எதைக் கொடுக்கவே கூடாது? அதைத்தான் இந்த முறை பாடமாகப் பார்க்கப் போகிறோம்.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சித்த மருத்துவன். கால்நடை மருத்துவன் அல்ல. பிறகு ஏன் இதை எழுதுகிறேன்? மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் என்னிடம் வருகிறவர்கள், மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்து போகும்போது கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். 'அய்யா, எங்க வீட்டு நாய்க்கு மார்ல கட்டி வந்து உடைஞ்சு புண்ணாயிருச்சு. நம்ம மருந்துல ஏதாவது ஒரு லேகியம் குடுங்களேன்' என்பார்கள். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருவர் இப்படிக் கேட்டால் அதிகம். இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பிராணிகள் நல்ல சாப்பாடு, தடுப்பூசி என்று வயதாகும்வரை வாழ்கின்றன. வயதானால் மனிதருக்கு வருகிற நோய்கள் அவற்றுக்கும் வருகின்றன. கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதிலை, கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மருந்தின் நான்காவது பகுதி

திருக்குறளின் 95வது அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவர். கவனித்துக்கொள்பவரையும் மருத்துவத்தில் ஒரு பகுதியாகவே வள்ளுவர் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள்.

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்கும்போதே தீரும் நோயா, தீராத நோயா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். தீராத நோய் என்று தெரிந்துவிட்டால் நோயாளியைக் கைகழுவிவிடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எதைத் தீர்க்க முடியாதோ அதை விட்டுவிட்டு, எதைத் தீர்க்க முடியுமோ அதில் முழு கவனத்தையும் வைக்க வேண்டும். வலியைத் தீர்க்கலாம். வாந்தியை நிறுத்தலாம். புண்ணைச் சுத்தமாக வைக்கலாம். தூக்கத்தைக் கொடுக்கலாம்.

ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'பாலியேட்டிவ் கேர்' என்று பெயர். நாம் ஆதரவுச் சிகிச்சை என்று சொல்லலாம். 1967ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது இது தனி மருத்துவத் துறையாக வளர ஆரம்பித்தது. புற்றுநோய் வலியைப் படிப்படியாக எப்படி அடக்குவது என்று 1986ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. மனிதருக்கு வந்த இந்த எண்ணம் இப்போது பிராணிகளுக்கும் வந்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்... இந்த நோயாளிக்கு 'வலிக்குது' என்று சொல்லத் தெரியாது. அதனால் நான்காவது பகுதியான உங்கள் பொறுப்பு இரண்டு மடங்காகிறது.

முதல் கேள்வி: உண்மையிலேயே தீராத நோய்தானா?

கட்டி என்றதும் 'கேன்சர், அவ்வளவுதான்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

நம் ஊர்த் தெருநாய்களிடமும் அவற்றோடு சேரும் வீட்டு நாய்களிடமும் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் பூ மாதிரி கட்டி வந்து ரத்தம் சொட்டும். பார்க்கவே பயமாக இருக்கும். இது இனச்சேர்க்கையில் நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைப் புற்று. ஆனால் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி வீதம் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் பூரணமாகக் குணமாகிவிடுகின்றன. குணமாகக்கூடிய இந்த நோயோடு எத்தனையோ நாய்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதுதான் வேதனை.

பெண் நாய்க்கு மார்பில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டிகள்தான். ஆரம்பத்திலேயே அறுவை செய்து எடுத்துவிட்டால் பிரச்னை இல்லை. பூனைக்கு மார்பில் கட்டி வந்தால் அப்படி இல்லை. பெரும்பாலும் அது கெட்ட கட்டியாகவே இருக்கும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குட்டி வேண்டாம் என்கிறவர்கள், பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் மார்புப் புற்றுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஆகவே முதலில் கட்டியில் ஊசி குத்தி எடுத்தோ, சதை எடுத்தோ பரிசோதிக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே பார்க்க வேண்டும். 1903ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே காட்டலாம். நோய் பரவிவிட்டது, அல்லது பிராணியின் வயதும் உடம்பும் சிகிச்சையைத் தாங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நம் பாடம் ஆரம்பமாகிறது.

வலி இருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

'எங்க மணி கத்தவே இல்ல அய்யா. அமைதியாத்தான் படுத்திருக்கு. வலியெல்லாம் இருக்காது.' இப்படிச் சொல்லாதவர்களே இல்லை. ஆனால் நாயும் பூனையும் நீடித்த வலிக்குக் கத்துவதில்லை. அடங்கிப்போகும். காட்டில் வாழ்ந்த காலத்தில், பலவீனத்தைக் காட்டினால் எதிரி வந்துவிடுவான் என்று மறைத்துப் பழகிய சுபாவம் அது.

நாயிடம் பார்க்க வேண்டியவை:

* கேட் சத்தம் கேட்டதும் ஓடி வந்தது இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதா?
* ராத்திரியில் படுக்க முடியாமல் இடம் மாறி மாறி எழுந்து நிற்கிறதா?
* வெயிலில் இல்லாதபோதும் மூச்சு வாங்குகிறதா? உடம்பு நடுங்குகிறதா?
* ஒரே இடத்தை விடாமல் நக்குகிறதா?
* படி ஏறத் தயங்குகிறதா? ஒரு காலை ஊன்றாமல் வைக்கிறதா?
* தொட்டால் உறுமுகிறதா?

பூனையிடம் பார்க்க வேண்டியவை:

* கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறதா?
* உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தி, ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறதா?
* முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறதா?
* உயரமான இடத்துக்குத் தாவுவதை விட்டுவிட்டதா?

இன்னொரு விஷயம். பூனை 'குர்ர்' என்று சத்தம் போட்டால் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வலியிலும் அந்தச் சத்தம் வரும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே வலி இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் பயத்தில் விறைத்து நிற்கும் பிராணி வலியைக் காட்டாது. வீட்டில் எடுத்த வீடியோ காட்டிக்கொடுத்துவிடும்.

நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாரசிட்டமால்: பூனைக்கு விஷம். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பு நிறமாகும். முகமும் பாதமும் வீங்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்: நாய்க்கும் பூனைக்கும் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். இந்தியாவில் 2006ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததே காரணம். 2023ல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடை உபயோகத்துக்குத் தடையாயின.

மெலாக்சிகாம்: இது கால்நடை மருத்துவர்களே தரும் மருந்துதான். அதனால்தான் இதில் தவறு நடக்கிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு மருத்துவர் தினசரி தருவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். நம் மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம்! 'அதே மருந்துதானே' என்று ஒரு மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடைய மருந்தும் வேண்டாம்

ஆங்கில மருந்தைத்தானே வேண்டாம் என்கிறீர்கள், நம்முடையது இயற்கை மருந்தாச்சே என்று ஒரு கேள்வி வரும். சித்த மருத்துவனாகவே இதற்குப் பதில் சொல்கிறேன்.

மாட்டு வாகடம் என்ற பெயரில் கால்நடை வைத்தியச் சுவடிகள் தமிழில் உண்டு. அவை பெரும்பாலும் மாட்டைப் பற்றியவை. நாய், பூனையின் புற்றுநோய்க்கு அவற்றை வைத்து வைத்தியம் செய்ய முடியாது. மனிதர்களின் புற்றுக்குச் சித்த மருத்துவத்தில் சொல்லப்பட்ட மருந்துகளில் சேராங்கொட்டை சேர்ந்தவை உண்டு, ரசமும் பாஷாணமும் சேர்ந்தவையும் உண்டு. ரசகந்தி மெழுகு, இடிவல்லாதி மெழுகு போன்றவற்றை மனிதர்களுக்கே உடல்வாகு பார்த்து, பத்தியம் சொல்லி, அளந்து தருகிறோம். 4 கிலோ பூனைக்கு 'ஒரு மிளகளவு' என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். 'முழுசா குணமாக்கிடுவேன்' என்று யார் சொன்னாலும், அவர் எந்த வைத்தியமுறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

சமையலறைப் பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. வெங்காயம், பூண்டு இரண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். 'பூண்டு கேன்சருக்கு நல்லது' என்று சாதத்தில் நசுக்கிப் போட வேண்டாம். திராட்சை, உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கற்பூரம், யூகலிப்டஸ் சேர்ந்த தைலங்களை மேலே தடவினால் நக்கி உள்ளே போகும், வலிப்பு வரும். மஞ்சள் நாம் மதிக்கும் மூலிகை. ஆனால் சாதத்தில் மஞ்சள் போட்டால் கட்டி கரையும் என்பது வெறும் நம்பிக்கைதான். அதை நம்பி வலி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கால்நடை மருத்துவர் என்ன செய்வார்?

பிராணியின் எடையைப் பார்த்து, முடிந்தால் ரத்தத்தில் ஈரல், சிறுநீரகம் எப்படி என்றும் பார்த்து மருந்து எழுதுவார். மெலாக்சிகாம், கார்புரோஃபன் போன்றவை வீக்கத்தோடு கூடிய வலிக்கு. கேபாபென்டின் நரம்பு வலிக்கு. சில புற்றுகளில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைத்துப் பசியைத் தூண்டும். வாந்திக்கும் பசியின்மைக்கும் தனி மருந்துகள் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஸ்டீராய்டையும் மெலாக்சிகாம் வகை மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டு டாக்டரிடம் காட்டுகிறவர்கள் பழைய சீட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு, வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, மணிப்படி கொடுப்பது. 'இன்னைக்கு நல்லா இருக்கு, மாத்திரை வேண்டாம்' என்று நிறுத்தினால் மறுநாள் வலி மேலே ஏறி நிற்கும். மூன்று, வாந்தி, கறுப்பாக மலம், சாப்பிட மறுப்பு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணுங்கள்.

சில சமயம் ஆபரேஷனும் ஆதரவுச் சிகிச்சைதான். பெரிய ஜாதி நாய்களுக்குக் காலெலும்பில் புற்று வரும். கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் பரவத் தொடங்கியிருக்கும். அந்தக் காலை எடுத்துவிட்டால் பல நாய்கள் இன்னும் நான்கைந்து மாதம் இருக்கும், கால் வலி இல்லாமல் இருக்கும். 'மூணு காலோட எப்படி?' என்று நமக்குத்தான் கஷ்டம். இடுப்பு, மூட்டு நன்றாக இருக்கிற நாய் சில வாரத்தில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும்.

கீமோ மருந்து போட்ட பிராணி என்றால், இரண்டு மூன்று நாளைக்கு அதன் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

சாப்பாடு

நோயாளிப் பிராணி தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய மனவேதனை. அதற்குச் சில யோசனைகள்:

* சாப்பாட்டை லேசாகச் சூடு செய்யுங்கள். வாசனை எழும்பினால்தான் பசி எழும்பும்.
* இரண்டு வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள்.
* உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, அதன் சாறு, வேகவைத்த முட்டை, குழைந்த சாதம் கொடுக்கலாம். நாய்க்குத் தயிர் ஒத்துக்கொண்டால் தரலாம்.
* பச்சைக் கறி வேண்டாம். நோய் எதிர்ப்பு குறைந்த உடம்பு தாங்காது.
* தட்டைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் உயரமாக வையுங்கள். கழுத்தைக் குனிய வேண்டியிருக்காது.
* தண்ணீரைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.
* வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். புரையேறும். சாப்பாட்டின்மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

பூனை விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சமாளிக்கும். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புண்ணும் படுக்கையும்

கட்டி உடைந்து புண்ணாகிவிட்டால் நம் ஊரில் பெரிய எதிரி ஈதான். காலையில் ஈ உட்கார்ந்து முட்டை வைத்தால் அடுத்த நாளே புழு நெளியும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரால் புண்ணைக் கழுவி, மருத்துவர் சொன்ன மருந்து போட்டு, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாம். புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பாச்சை உருண்டைத் தூள் எதையும் போடாதீர்கள். புழு சாகும், கூடவே சதையும் வேகும், விஷம் உள்ளே இறங்கும். மருத்துவரிடம் போனால் மயக்கி, புழுவை எடுத்து, மருந்து தருவார். நாற்றம் அதிகமாக இருந்தால் அதைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது, கேளுங்கள். நாற்றத்துக்காக அதைக் கொல்லைப்புறத்தில் கட்டிப்போடுகிறார்கள். அங்கேதான் ஈயும் அதிகம், தனிமையும் அதிகம்.

படுக்கை கனமாக இருக்கட்டும். பழைய மெத்தைமேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்குமேல் பழைய பருத்திச் சேலை நான்காக மடித்துப் போட்டால் போதும். ஈரமானால் சேலையை மட்டும் மாற்றலாம். எழுந்திருக்க முடியாத பிராணியை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் படுக்கைப்புண் வரும். டைல்ஸ் தரை வழுக்கும், நடக்கும் பாதையில் கயிற்று மேட்டோ ரப்பர் மேட்டோ போடுங்கள். நிற்க முடியாத நாய்க்கு வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப்பிடித்து வெளியே கூட்டிப் போகலாம்.

பிராணியின் புற்றுநோய் நமக்குத் தொற்றாது. பயப்படாமல் தொடுங்கள். ஆனால் வலியில் இருக்கும் பிராணி பழகிய கையையும் கடித்துவிடக்கூடும். சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள். கடித்துவிட்டால் வீட்டு நாய்தானே என்று இருக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

ஆலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். வீட்டில் யார் வேண்டுமானாலும் போடலாம். ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. நன்றாக இருந்தால் 10.

1. வலி, மூச்சு: வலி அடங்கியிருக்கிறதா? மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா?
2. பசி: தானாகச் சாப்பிடுகிறதா?
3. நீர்: தண்ணீர் குடிக்கிறதா? உடம்பு வறளாமல் இருக்கிறதா?
4. சுத்தம்: மலம், மூத்திரம், புண் எல்லாம் சுத்தமாக வைக்க முடிகிறதா?
5. சந்தோஷம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டுகிறதா? உங்களோடு இருக்க விரும்புகிறதா?
6. நடமாட்டம்: தானாகவோ, தாங்கிப்பிடித்தோ எழுந்து நடக்கிறதா?
7. நல்ல நாள்கள்: இந்த வாரத்தில் கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா?

மொத்தம் 70. கூட்டினால் 35க்கு மேலே இருந்தால், இப்போது செய்யும் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் சொல்லும் கணக்கு. காலண்டரில் தினமும் ராத்திரி ஒரு எண் எழுதிவிடுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். எண் பத்து நாளாக இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியாது. நோட்டு சொல்லும்.

கடைசி முடிவு

இதைப் பற்றி எழுதாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

எண் இறங்கிவிட்டது. மருந்தும் கேட்கவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறது. அப்போது மருத்துவர் ஊசி போட்டு நிம்மதியாகத் தூங்க வைப்பதைப் பற்றிப் பேசுவார். 'அது பாவமில்லையா அய்யா?' என்று கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு, அதில் நான் தலையிட மாட்டேன். இயற்கையாகவே போகட்டும் என்று முடிவு செய்கிறவர்களும் உண்டு. ஆனால் அப்படி முடிவு செய்தால், கடைசி மூச்சுவரை வலி மருந்தை நிறுத்தாமல் கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. 'இயற்கையா போகட்டும்' என்பதற்கு 'வலியோடு கிடக்கட்டும்' என்று அர்த்தம் ஆகிவிடக் கூடாது.

ஊசி என்று முடிவு செய்தால், அதைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். முதலில் தூக்க மருந்து. பிறகு மயக்க மருந்தை அதிக அளவில் நரம்பில் செலுத்துவார். நினைவு தப்பி, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. உயிர் போன பிறகும் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ வரலாம், மூத்திரம் போகலாம். அது வலியல்ல. முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் வராது. முடிந்தால் கூடவே இருங்கள். பிராணி கடைசியாகக் கேட்பது உங்கள் குரலாக இருக்கட்டும். நீங்கள் சோறு போடும் தெருநாய்க்கும் இந்த வழி உண்டு. தீராத நோயில் தவிக்கும் தெருநாயை மருத்துவர் மூலம் வலியின்றி விடுவிக்க 2023ம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் அனுமதிக்கின்றன.

புதைப்பதானால் ஆழமாகக் குழி வெட்டுங்கள். உடம்பில் ஊசி மருந்து தங்கியிருக்கும். மற்ற நாய்களோ காக்கைகளோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. இடமில்லாதவர்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குழந்தைகளிடம் 'ஊருக்கு அனுப்பிட்டோம்' என்று சொல்லாதீர்கள். என்றைக்காவது திரும்பி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'அதுக்கு உடம்பு ரொம்ப முடியல, இனிமே நல்லாகாது, வலிக்காம பாத்துக்கறோம்' என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணம் நிரப்புவது போன்ற சின்ன வேலைகளைக் கொடுங்கள். வயதானவர்களையும் கவனியுங்கள். பகலெல்லாம் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு அந்த நாய்தான் பேச்சுத்துணை. 'ஒரு நாய்க்குப் போயா இப்படி' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கவனித்துக்கொள்பவரும் மனிதர்தான். ராத்திரி விழிப்பதை வீட்டில் ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செலவைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். 'இவ்வளவுதான் முடியும் டாக்டர்' என்று சொன்னால், அந்தப் பணத்தில் எதை முதலில் செய்வது என்று அவர் சொல்வார். முதலில் வரவேண்டியது வலி மருந்துதான். ஸ்கேன், டானிக் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டு மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். காலண்டரில் முதல் மதிப்பெண்ணை எழுதுங்கள். நாளைக் காலையில் கால்நடை மருத்துவரிடம் போய், 'டாக்டர், இதுக்கு வலி இருக்கா, அதுக்கு என்ன குடுக்கலாம்?' என்று கேளுங்கள். அதுவாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.